பினாங்கில் முப்பது படிகள்

சென்னையில் ஒரு ஜார்ஜ் டவுன், பினாங்கில் ஒரு ஜார்ஜ் டவுன். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரத்துக் கடல். அந்த ஒரு வாரத்தில் என் வயிற்றில் தங்கியது எலுமிச்சம்பழச் சாறு மட்டும்தான் என்பதால், கப்பல் நங்கூரம் போட்டதும் மலாய் நாட்டைப் பார்க்கும் ஆவலைவிடத் தரையைப் பார்க்கும் ஆவலே எனக்கு அதிகமாக இருந்தது.

கப்பல் கரைவரை வரவில்லை. பக்கவாட்டில் ஓர் ஏணியை இறக்கி, கீழே ஆடிக்கொண்டிருந்த படகுகளில் எங்களை இறங்கச் சொன்னார்கள். எனக்கு இடது கால் பிறவியிலேயே கொஞ்சம் குட்டை. இதைப் பேசுவது எனக்குப் பிடிக்காது. யாராவது இரக்கப்பட்டுக் கை நீட்டினால் அதைவிடப் பிடிக்காது. படகுக்காரர் கை நீட்டினார். நான் முறைத்தேன். முறைத்துக்கொண்டே அடுத்த அடியை ஏணிக்கும் படகுக்கும் நடுவில் வைத்தேன். பினாங்கு மண்ணை மிதிப்பதற்கு முன் பினாங்குத் தண்ணீரை மிதித்து, முழங்கால்வரை நனைந்த வேட்டியோடு கரையேறினேன்.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. சபாபதி அண்ணன் அங்கே காய்ச்சலில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் பாதியில் விட்ட ஒரு பிளானை முடித்துக் கொடுக்கப் போனேன்.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு கீழறையில் நாங்கள் இருவரும் பன்னிரண்டு வருஷம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து வீடுகளுக்குப் பிளான் போட்டவர்கள். அவர் கூடப் பிறந்தவர் இல்லை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு நன்றாகக் கோடு போடத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்குள்ளே ஆள் இருக்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் அவர். அவர் போட்ட கணக்கை நான் சரிபார்ப்பேன், நான் போட்டதை அவர். இருவர் கண்ணும் படாமல் ஒரு தாள்கூட அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை.

அண்ணனுடைய வேலை முறை ஊரில் யாருக்கும் இல்லாதது. அளவுகள் முடிவானதும், பிளானைத் தாளில் வரைவதற்கு முன், காலி மனைக்குப் போவார். சுண்ணாம்புத் தூளால் வீட்டை முழு அளவில் தரையில் வரைவார். சுவர் என்றால் கோடு, வாசல் என்றால் இடைவெளி. பிறகு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அதற்குள் ஒரு பகல் முழுக்க இருக்கச் சொல்வார். சமைக்கிறவர் பானையைத் தூக்க வேண்டும். படுக்கிறவர் பாயை விரிக்க வேண்டும். கோட்டை மிதித்தால் சுவரில் இடித்ததாகக் கணக்கு. யார் எங்கே இடித்தார்கள் என்று பார்த்துச் சுவரை நகர்த்துவார். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு ஜட்ஜ் வீட்டம்மா வெட்டவெளியில் உட்கார்ந்து இல்லாத அம்மியில் இல்லாத துவையல் அரைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குள் சண்டை ஒரே ஒரு விஷயத்தில்தான். படிக்கட்டு. எல்லோரும் ஏழு அங்குல உயரத்தில் படி வைத்தால் அண்ணன் ஆறு அங்குலத்துக்கும் குறைவாக வைப்பார். படி தாழ்ந்தால் எண்ணிக்கை கூடும், கூடினால் இடத்தைத் தின்னும். ஒரு நல்ல அறையையே விழுங்கிவிடும். கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரு காரணம் வைத்திருப்பார். இந்த வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள் என்பார். அந்த வீட்டுக்காரருக்கு மூட்டு வலி என்பார். தனிக்கட்டையாக இருந்த ஒரு வக்கீல் வீட்டுக்கு என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். “வக்கீலுக்குத் தொப்பை விழுது வைத்தி, கவனிச்சியா?” என்றார்.

பினாங்கு வேலை வந்தபோது, புறப்படுவதற்கு முதல் நாள், இந்தச் சண்டை முற்றிவிட்டது. உங்களுக்கு ஊர் மெச்ச வேண்டும், அதற்கு நான் இடத்தைக் கணக்குப் பண்ணிச் சாக வேண்டும் என்று கத்தினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் நான் துறைமுகத்துக்குப் போகவில்லை. பினாங்கிலிருந்து மூன்று கடிதம் போட்டார். மூன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. நான்காவது கடிதம் வேறு ஒருவர் கையெழுத்தில் வந்தது.

அந்த வேறு ஒருவர் நைனா மரைக்காயர். சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். கப்பலில் வந்து இறங்குகிற நம் ஆட்கள் வேலை கிடைத்துப் போகும்வரை தங்கிச் சாப்பிட ஒரு விடுதி கட்ட நினைத்து அண்ணனை அழைத்தவர் அவர்தான். நான் ரிக்‌ஷாவில் போய் இறங்கியபோது கடைவாசலில் நின்றிருந்தார். அந்த ஊரில் ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் கூரை போட்ட நடை ஒன்று உண்டு, அஞ்சடி என்கிறார்கள். ஒரு கடையின் அஞ்சடி உயரம், அடுத்த கடையினுடையது பள்ளம். என்னைப் போன்றவனை வெறுப்பேற்றவென்றே கட்டியது.

“வாங்க தம்பி, வாங்க. கப்பல்ல ரொம்ப சுசாவா இருந்துச்சா?” என்றார். சுசா என்றால் மலாயில் கஷ்டம். என் முகத்தைப் பார்த்து அவரே பதில் தெரிந்துகொண்டார். “மொதல்ல சாப்பிடுங்க லா. பேச்சு எங்க ஓடிடப் போவுது?” அந்த ஊரில் பேச்சுக்குப் பேச்சு வாலாக ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்கிறது.

ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வந்தன. ரொட்டி என்று பெயர்தானே தவிர, நம் ஊர் ரொட்டிக்கும் அதற்கும் சொந்தம் கிடையாது. அடுக்கடுக்காக, நெய் வடிய, பிய்த்தால் சத்தம் கேட்கிறது. காப்பி கறுப்பு மையாக இருந்தது. அதைத் தட்டில் ஊற்றிக் குடிக்கிறார்கள். சென்னைக் காப்பியைப் பற்றி அங்கே யாரிடமும் பெருமை பேசிப் பயனில்லை என்று அன்றே புரிந்தது. ஒரு வாரப் பசியில் ஐந்து ரொட்டி சாப்பிட்டேன்.

கை கழுவியதும் மரைக்காயர் விஷயத்துக்கு வந்தார். “ஒங்க அண்ணனுக்காக மூணு மாசம் பொறுத்துட்டேன் தம்பி. வர்ற திங்கக்கெழம முனிசிபல் ஆபீசுல பிளான் குடுத்தாவணும். இங்க ஒருத்தரு ரெடியா ஒரு பிளான் வச்சிருக்காரு. நாலு கடைக்குப் போட்ட அதே பிளான். நீங்க முடிக்கலேன்னா நான் அதத்தான் குடுக்கணும். மனசு கேக்கல, ஆனா வேற வழியில்ல.”

அன்று செவ்வாய். அண்ணனுடைய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவருக்கு மனைவி முன்பே போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. பெட்டிக்குள் நான்கு வேட்டி, நூலுருண்டை ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம். கடைசி வீட்டின் அளவுகள் எல்லாம் அந்த நோட்டில் இருந்தன. வெறும் எண்கள். அடி, அங்குலம் என்று எழுதும் வழக்கம் அவருக்குக் கிடையாது. வரைபடம் மட்டும் இல்லை. சுண்ணாம்புக் கோட்டில் நடந்து பார்த்த மறுநாளே படுத்துவிட்டாராம். அவருடைய ஒன்பதைப் பார்த்தேன். ஒன்பதின் வாலைக் கொஞ்சம் உள்ளே சுருட்டி எழுதுவார். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். மரைக்காயர் எழுந்து போய், யாரோ கூப்பிட்டது போல வெளியே நின்றுகொண்டார்.

புதன்கிழமை காலை அண்ணனை எரித்த இடத்தைப் பார்க்கக் கிளம்பி, தவறான டிராமில் ஏறினேன். டிராம் என்னை மலையடிவாரத்தில் ஒரு சீனக் கோயில் வாசலில் இறக்கிவிட்டது. திரும்பி வந்து, கேட்டுக் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்தபோது அங்கே புல்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மனைக்குப் போனேன்.

மனை துறைமுகத்துக்குப் பின்னால், சூலியா தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. டேப்பைப் பிடித்து, நோட்டில் உள்ளபடி சுண்ணாம்புக் கோடு போட்டேன். அகலம் இருபத்து நான்கு, நீளம் அறுபது. போட்டு முடித்தபோது மனையில் பக்கவாட்டில் ஐந்தடியும் பின்னால் பன்னிரண்டடியும் மிச்சம் கிடந்தன. முனிசிபாலிட்டி சட்டப்படி சந்துக்கு விட்டிருப்பார் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வீடு எனக்குக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் தெரிந்தது. சமையலறை எப்படி வேலை செய்யும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

“அத அங்கம்மாவத்தான் கேக்கணும்” என்றார் மரைக்காயர். விடுதிக்குச் சமைக்க அவர் ஏற்பாடு செய்திருந்த பெண் அவர். அண்ணன் கோடு போட்டு நடக்கவைத்ததும் அவரைத்தான். வேலை நின்றுபோனதால், தீவுக்கு அக்கரையில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், புதிதாக வந்த ஆட்களுக்குச் சோறாக்கப் போய்விட்டாராம்.

வியாழக்கிழமை படகில் அக்கரை போய் பஸ் பிடித்தேன். என் காலடியில் ஒரு கூடை டுரியான் பழம். பலாப்பழத்தின் முள்ளும் சாக்கடையின் மணமும் கொண்ட அந்தப் பழத்தை மலாய்க்காரர்கள் உயிராக நினைக்கிறார்கள். பாதி வழியில் பஸ்ஸின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. மாற்றுச் சக்கரம் கிடையாது. டிரைவர் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார், சாலையோரத்தில் ஆளுயரம் வளர்ந்திருந்த புல்லை அறுத்தார், டயருக்குள் திணித்தார், கிளப்பினார். நம் ஊராக இருந்தால் பாதிப்பேர் டிரைவரைத் திட்டவும் பாதிப்பேர் யோசனை சொல்லவும் இறங்கியிருப்பார்கள். இங்கே யாரும் எழுந்திருக்கவில்லை. முன் வரிசையில் இருந்த மலாய்க்காரக் கிழவி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். “போன வாரம் வைக்கோல், இந்த வாரம் புல், அடுத்த வாரம் மாட்டையே கட்டிடுவான்ங்குது” என்றார்.

அங்கம்மா அக்காவுக்கு நல்ல பாரியான உடம்பு. நான் யாரென்று சொன்னதும் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு அதே தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“அந்த மனுசன் ஒரு நாள் பூரா என்னை வெறுந்தரையில சோறாக்க வச்சாரு தம்பி. நாப்பது பேரு சோத்துப் பான. அதைத் தூக்கிட்டு அடுப்புலேருந்து திரும்புவேன். கோட்டுல கால் பட்டுச்சுன்னா, ‘சுவத்துல இடிச்சிட்டே அங்கம்மா’ம்பாரு. மூணு தடவ கோட்ட அழிச்சு அழிச்சுப் போட்டாரு. நாலாவது தடவ திரும்பினேன் பாருங்க, எதுலயும் படல. அப்பதான் சிரிச்சாரு.”

இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு என்னோடு கிளம்பினார். வழியெல்லாம் அண்ணனைப் பற்றித்தான் பேச்சு. அவர் சாம்பாரில் வெல்லம் கேட்டது, வெயிலில் நிற்காதே என்று இவரை விரட்டிவிட்டுத் தான் நின்றது. எனக்குத் தெரிந்த அதே மனிதர். கேட்கக் கேட்க சுகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, மரைக்காயர் கடையிலிருந்து ஒரு பெரிய பானையை வாங்கி, பாதி தண்ணீர் நிரப்பி, அங்கம்மா அக்கா சுண்ணாம்புச் சமையலறைக்குள் நுழைந்தார். அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் குனிந்தார், தூக்கினார், திரும்பினார். கோட்டை மிதித்தார். பின்னால் நகர்ந்து மறுபடி திரும்பினார். அந்தப் பக்கக் கோட்டை மிதித்தார். பானையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இது அவரு போட்ட அடுப்பங்கர இல்ல தம்பி.”

“அவர் எழுதின அளவுதான் அக்கா. நோட்டைப் பாருங்க.”

“அப்ப நோட்டு பொய் சொல்லுது. என் இடுப்பு பொய் சொல்லாது லா.”

எனக்குக் கோபம் வந்தது. நோட்டை மறுபடி எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். படிக்கட்டுக்கு வந்தபோது திரும்பத் திரும்பப் படித்தேன். கீழ்த்தளத்தின் உயரம் பன்னிரண்டு என்று எழுதியிருந்தார். படியின் உயரம் நான்கு. நான்கு அங்குலத்தில் யாராவது படி வைப்பார்களா? அண்ணனுடைய தாழ்படிப் பைத்தியத்துக்குக்கூட அது அதிகம். அதோடு, பன்னிரண்டு அடிக்கு நான்கு அங்குலப் படி என்றால் முப்பத்தாறு படி வர வேண்டும். அவர் முப்பது என்று எழுதியிருந்தார்.

அண்ணன் கணக்கில் தப்பு! பன்னிரண்டு வருஷத்தில் அவர் சுவரை நகர்த்தியிருக்கிறார், வாசலை மாற்றியிருக்கிறார், பெருக்கலில் தப்பியதில்லை. காய்ச்சல் முன்பே உள்ளே வந்துவிட்டிருக்கிறது, அறிவு மங்கியிருக்கிறது, எதிர் மேஜையில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியவன் கடிதத்துக்குக்கூடப் பதில் போடாமல் சென்னையில் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்று மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

பிற்பகல் ஒரு முடிவுக்கு வந்தேன். அண்ணன் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவர் தப்பை நான்தான் மூட வேண்டும். படிக்கட்டை வெட்டினேன். ஏழு அங்குலப் படி, இருபத்தோரு படியோடு சரி. மிஞ்சிய இடத்தைச் சமையலறைக்குக் கொடுத்தேன். பன்னிரண்டு வருஷமாக நான் ஜெயிக்காத சண்டை அது. இப்போது ஜெயித்ததில் ஒரு துளி சந்தோஷம் இல்லை.

சனிக்கிழமை காலை ஆ செங் வந்தார். வீட்டைக் கட்டப்போகிற தலைமைத் தச்சர், சீனர், அறுபது வயதிருக்கும். தீவின் மறுபக்கத்தில் ஒரு வேலையாக இருந்தவர், நான் வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். அவருக்கும் எனக்கும் பொது மொழி கிடையாது. அவர் மலாயில் பேச, மரைக்காயர் தமிழாக்க வேண்டும். மனையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பின்னால் மிச்சம் கிடந்த பன்னிரண்டடியில் நின்று தலையைச் சொறிந்தார்.

“வூடு எப்படிச் சுருங்கிப் போச்சுன்னு கேக்குறாரு” என்றார் மரைக்காயர்.

நோட்டை நீட்டினேன். ஆ செங்குக்குத் தமிழ் தெரியாது, எண் தெரியும். பார்த்துத் தலையாட்டினார். என் டேப்பைப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு மூங்கில் அளவுகோலை எடுத்து என் டேப்பின் பக்கத்தில் வைத்தார். அவர்களுடைய ஓர் அடி, நம் அடியைவிட இரண்டரை அங்குலம் நீண்டிருந்தது. அதில் பன்னிரண்டு பிரிவு இல்லை. பத்துதான்.

நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பன்னிரண்டு அடி, அடிக்குப் பத்துப் பிரிவு, நான்கு பிரிவுக்கு ஒரு படி. முப்பது. அண்ணன் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. கட்டுகிறவன் கையில் எந்த அளவுகோல் இருக்கிறதோ அந்த அளவில்தான் அவர் பிளான் போடுவார். காரைக்குடியில் வேலை செய்தபோது தச்சு முழத்தில் எழுதிவிட்டு, ஆபீசுக்கு வந்து என்னை அடியாக மாற்றச் சொன்னவர். நூறு தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சீனத் தச்சரோடு வேலை செய்யும்போது எந்தக் கோலைக் கையில் எடுத்திருப்பார் என்று எனக்கு அல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்? நோட்டும் பொய் சொல்லவில்லை, அங்கம்மா அக்காவின் இடுப்பும் பொய் சொல்லவில்லை. டேப்பைப் பிடித்த நான்தான் முட்டாள்.

எல்லாக் கோட்டையும் அழித்தோம். மூங்கில் கோலைப் பிடித்து ஆ செங்கே புதிதாகப் போட்டார். பக்கவாட்டில் மிச்சமில்லை, பின்னால் மிச்சமில்லை. மனை முழுக்க வீடு வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கம்மா அக்கா பானையைத் தூக்கினார், திரும்பினார், வடிக்கிற இடத்துக்குப் போனார், திரும்பி வந்தார். காலடியில் ஒரு கோடும் கலையவில்லை.

“இதான். இதான் லா தம்பி!” என்று பானையை இறக்கிவிட்டுக் கைதட்டினார். மரைக்காயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேற்றிலிருந்து அழுத்திய பாரம் எனக்கு இறங்கியது. அண்ணன் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, கடைசிவரை முழு அறிவோடு இருந்திருக்கிறார் என்று யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஆனால் என் வீம்பு அவ்வளவு சுலபத்தில் போகிற ரகம் இல்லை. படிக்கட்டின் அருகே நின்றுகொண்டு ஆ செங்கிடம் சொன்னேன்: அளவெல்லாம் சரி, ஆனால் முப்பது படி தேவையில்லை, நம் கணக்குக்கு ஒரு படி ஐந்தே முக்கால் அங்குலம் வருகிறது, ஏழாக்கினால் இருபத்தைந்து படியில் முடியும், கீழே இன்னும் இரண்டு பேர் படுக்க இடம் கிடைக்கும்.

மரைக்காயர் அதை மலாயில் சொன்னார். ஆ செங் என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்து, நீளமாக ஏதோ சொன்னார். மரைக்காயர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்ன சொல்கிறார்?”

“ஒண்ணுமில்ல தம்பி. வெயில் ஏறுது, வாங்க கோப்பி குடிக்கலாம்.”

“சொல்லுங்கள் அண்ணே.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க. ‘அந்தக் கால் குட்டத் தம்பி இவருதானா’ன்னு கேக்குறாரு. இவரும் ஒங்க அண்ணன்கிட்ட இதே சண்டைதான் போட்டாராம். படி ரொம்பத் தாழ்வு, எடம் வீணுன்னு. அதுக்கு ஒங்க அண்ணன் அரைகொறை மலாயில, ‘என் தம்பி மேல வந்து வேலையப் பாக்கணும். அவன் ஏற முடியலேன்னா என் தப்ப யாரு கண்டுபிடிப்பா?’ன்னாராம். எல்லாப் படியும் அப்படித்தான் போடுவேன், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, சொன்னா சண்டைக்கு வருவான்னாராம்.”

வெயில் ஏறித்தான் இருந்தது. நான் அந்த முப்பது கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கர்ப்பிணிப் பெண், மூட்டு வலி, வக்கீலின் தொப்பை, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. மாடியில் காற்றோட்டமான அறை கிடைத்தபோதும், கீழறையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று பொருந்தாத ஒரு காரணம் சொல்லி எங்கள் ஆபீசுக்கு அதைப் பிடித்தவர். பட்டப்பகலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு வேலை செய்தோம். எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தவர், என் காலை மட்டும் பார்த்தே அளந்திருக்கிறார். சென்னையில் அவர் போட்ட வீடுகள் அத்தனையிலும் நான் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒன்றிலாவது கைப்பிடியைத் தொட்ட நினைவு எனக்கு இல்லை. தொட வேண்டிய தேவை வராததால் அது எனக்கு உறைக்கவே இல்லை.

அவருடைய மூன்றாவது கடிதத்தில் ஒரு வரி இருந்தது. நீ ஒரு தடவை மேல்மாடிக்கு வந்து பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி என்று எழுதியிருந்தார். சமாதானம் செய்வதற்காக முகஸ்துதி செய்கிறார் என்று மடித்து வைத்துவிட்டேன். என்னைப் போல ஒரு மடையன் இருக்க முடியாது.

அங்கம்மா அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். பானையில் இருந்த தண்ணீரில் கொஞ்சம் மொண்டு, “மூஞ்சக் கழுவுங்க தம்பி” என்றார்.

சனி பிற்பகலும் ஞாயிறு முழுதும் மரைக்காயர் கடையின் பின்னறையில் உட்கார்ந்து வரைந்தேன். முனிசிபாலிட்டிக்காக எல்லா எண்ணையும் நம் அடிக்கு மாற்றினேன், காரைக்குடி நாட்களில் செய்ததைப் போல. படிக்கட்டை முப்பது படியாக வரைந்தேன். நடுவில் மரைக்காயர் வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது, வெல்லப்பாகு ஊற்றிய ஏதோ பச்சைப் பலகாரம் வந்தது. எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிட்டேன். முடிந்ததும் பிளானின் மூலையில் அண்ணன் பெயரை எழுதி, அதன் கீழே ‘சரிபார்த்தவர்’ என்று போட்டு என் கையெழுத்தை வைத்தேன்.

திங்கட்கிழமை காலை முனிசிபல் ஆபீசுக்குப் போனோம். பிளான் வாங்குகிற இடம் மாடியில். யார் போட்ட படிகளோ, ஒவ்வொன்றும் எட்டு அங்குலத்துக்குக் குறையாது. ஐந்தாவது படியில் எனக்கு மூச்சு வாங்கியது. மரைக்காயர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

மேலே இருந்த கிராணி, அந்த ஊர்ப் பேச்சில் குமாஸ்தா, ஒரு தமிழர். தாளை விரித்து, பென்சிலை ஒவ்வோர் எண்ணாக நகர்த்திக்கொண்டு வந்தார். படிக்கட்டில் பென்சில் நின்றது.

“என்னங்க இது, படி இவ்ளோ தாழ்வா இருக்கு? முப்பது படியா? யாரும் இப்படிப் போட மாட்டாங்களே. எதுக்கு?”

கர்ப்பிணிப் பெண்கள் என்று சொல்லியிருக்கலாம். மூட்டை தூக்கிவரும் பயணிகள் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் எனக்குச் சொல்லித்தந்த காரணங்கள் ஒரு டஜன் கைவசம் இருந்தன.

“எனக்கு இடது கால் குட்டை. அதற்காக” என்றேன்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் அதை நான் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கிராணி மேஜையின் விளிம்பைத் தாண்டி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப நீங்கதான் அந்த வூட்டுல தங்கப் போறீங்களா?”

“இல்லை. புதன்கிழமை எனக்குக் கப்பல்.”

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மரைக்காயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூலையில் இருந்த இரண்டு பெயர்களையும் படித்தார்.

“இவரு யாரு, சபாபதி?”

“என் அண்ணன்” என்றேன்.

கிராணி முத்திரையை எடுத்து மையில் தோய்த்தார்.